மூன்றாவது அட்டவணை

ஒரு கையெழுத்துதான், அதை வாங்கிவிட்டால் முடிந்தது என்று பேச்சியம்மாள் காலையிலிருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. துறையின் வராந்தாவில், கைடு கோமதி மேடத்தின் பூட்டிய அறைக்கு வெளியே இரும்பு நாற்காலி, அதில் அவள், அவள் மடியில் பச்சை ஃபைல், ஃபைலுக்குள் ஆய்விதழ் அனுப்பிய காப்புரிமைப் படிவம். கைடு முதலில் போட வேண்டும், ஆராய்ச்சி மாணவி பிறகு போட வேண்டும். முந்திக்கொண்டு போட்டால் அது மரியாதைக் குறைவு என்று இந்தத் துறையில் யாரும் எழுதி வைக்காத சட்டம் உண்டு, ஆகவே இரண்டு இடமும் வெள்ளையாகக் கிடந்தன. மேடம் எதிரே கருத்தரங்கு அறையில் யாரோ ஒருவரின் வாய்மொழித் தேர்வில், வைவாவில், இருந்தார். மணி பதினொன்று ஐம்பது. ஒரு மணிக்குள் வந்துவிடுவார். வந்து போட்டால் ஐந்து மணிக்குள் படிவம் போய்விடும், போய்விட்டால் நாளை கட்டுரை வெளிவரும், வெளிவந்தால் வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம், ஏனென்றால் பட்டியலில் உள்ள ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்திராமல் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கையால் தொடமாட்டார்கள். சமர்ப்பித்துவிட்டால் ஜூன் மாதம் கோவில்பட்டிக் கல்லூரியில் வேலை. "சப்மிட் பண்ணிட்டு வாங்கம்மா, கண்டிப்பா சேத்துக்கிடுதோம்" என்று அந்த முதல்வர் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். இந்த வெள்ளிக்கிழமை தவறினால் அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்து, கோவில்பட்டியில் அதுவரை நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டா காத்திருப்பார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை நினைக்கக்கூடாது என்று காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்திருந்தாள், பல் தேய்த்து முடிப்பதற்குள் நான்கு தடவை நினைத்துவிட்டாள்.

மூன்றாவது அட்டவணையில் தலைப்பு மாறிக் கிடந்தது. இறால் உரிக்கும் பெண்களின் கைகளைப் பற்றிய கட்டுரை அது. தூத்துக்குடியைச் சுற்றி ஆறு கொட்டகை, இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள், நானூற்று இருபத்து நான்கு கைகள். ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள், இறாலின் தலைமுள் குத்திய புள்ளிகள், விரலிடுக்கில் புண். கையுறை போட்டால் புண் குறையும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தாள், எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள், ஆனால் கணக்கு வேறு மாதிரி வந்தது: கையுறை போட்ட நூற்று நான்கு பேரில் எழுபத்தொரு பேருக்குப் புண், போடாத நூற்றெட்டுப் பேரில் முப்பத்தொன்பது பேருக்குத்தான். காலையில் மாட்டிய கையுறையைச் சாயங்காலம்தான் கழற்றுகிறார்கள், உள்ளே தண்ணீர் இறங்கிவிடுகிறது, கை நாள் முழுக்க அதற்குள்ளேயே கிடந்து ஊறுகிறது. இதைக் கண்டுபிடித்த அன்று பேச்சி பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தாள், பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா நகர்ந்து உட்கார்ந்தார். நான்கு வருட உழைப்பும் அந்த ஒரு அட்டவணையில்தான் இருக்கிறது. அந்த அட்டவணையில்தான், கடைசி ராத்திரி அவசரத்தில் கட்டங்களை இழுத்துச் சரிசெய்தபோது, 'கையுறை அணிந்தோர்' என்ற தலைப்பு அணியாதோர் தலையிலும் அணியாதோர் தலைப்பு அணிந்தோர் தலையிலும் போய் உட்கார்ந்துவிட்டது. மேலே வாக்கியம் ஒன்று சொல்கிறது, கீழே அட்டவணை அதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. அனுப்பி இரண்டாம் நாள் கவனித்தாள். ஆனால் உடனே ஒரு சமாதானமும் வந்தது, மதிப்பீட்டாளர்கள் பார்ப்பார்கள், பார்த்துக் கிழிப்பார்கள், திருத்து என்பார்கள், திருத்திவிடலாம். திட்டு வாங்கக்கூட அவள் தயாராகிவிட்டாள். என்ன மாதிரித் திட்டுவார்கள், அதற்கு எப்படிப் பணிவாகப் பதில் எழுதுவது என்று ஒரு நோட்டில் எழுதிக்கூட வைத்தாள்.

திட்டு வரவில்லை. நான்காம் நாள் காலை ஏழு மணிக்குச் சம்மதம் வந்தது. 'அன்பும் மரியாதையும் நிறைந்த பேராசிரியர் எம். அவர்களுக்கு' என்று ஆரம்பித்தது. இன்ஷியலைப் பெயர் என்று நினைத்துக்கொண்டு பேராசிரியராகவும் ஆக்கிவிட்டார்கள். அன்றைக்கு அது சிரிப்பாக இருந்தது, சந்தோஷத்தில் எதுவும் சிரிப்புத்தான், அம்மாவிடம் காட்டினாள், அம்மா "எம்முனா அப்பா பேருல்லா" என்றாள். இரண்டு மதிப்பீட்டாளர்கள். முதலாமவர்: மிக முக்கியமான ஆய்வு, மொழி நன்று. இரண்டாமவர்: அட்டவணைகள் தெளிவாக இருக்கின்றன, முடிவுகளுக்கு வலுச் சேர்க்கின்றன. அட்டவணைகள் தெளிவாக இருக்கின்றன. இந்த வரியை அவள் இதுவரை எத்தனை தடவை வாசித்திருப்பாள் என்று கேட்டால் வெட்கமாக இருக்கும். முதலில் நிம்மதியாக இருந்தது, தப்பித்தோம் என்று. பிறகு கொஞ்சம் குறுகுறுத்தது. பிறகு ஒரு நாள் சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது கை நின்றுவிட்டது: தெளிவாக இருக்கின்றன என்றால், பார்த்தார்களா. பார்த்திருந்தால் எப்படி. ஒரு கண் மேலே ஒரு கண் கீழே போனாலே போதுமே, பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடுமே. ஒருவேளை அவர்கள் பெருந்தன்மையாக விட்டிருக்கலாம். இல்லை, அப்படிப் பெருந்தன்மை கிடையாது இந்தத் தொழிலில். ஒருவேளை கடைசிப் படியில் திருத்துவார்கள். ஆமாம், அதற்கென்று ஆட்கள் இருப்பார்கள். இந்த 'ஒருவேளை'யிலேயே ஒன்பது நாள் ஓடிவிட்டது.

இன்று காலையில்தான் துணிந்து, இதழாசிரியருக்கே நேராக ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்று முடிவு செய்தாள். ஐயா, மூன்றாவது அட்டவணையில் என் பிழை, மன்னிக்கவும், திருத்திய படி இணைத்துள்ளேன். ஆய்விதழின் வெப்சைட்டில் ஆசிரியரின் பெயர் இருந்தது, முகவரி இல்லை. ஒரு பெட்டிக்குள் எழுதிப்போடச் சொன்னார்கள், போட்டால் நன்றி என்று பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். ஆகவே அந்தப் பெயரைத் தேடினாள். தேடினால் இன்னொரு வெப்சைட் வந்தது. அதே ஆய்விதழ். அதே பெயர், அதே எட்டு இலக்கப் பதிவு எண், அதே ஆசிரியர். ஆனால் பழைய, மங்கிப்போன பக்கம், படம் கிடையாது, ஓடுகிற எழுத்து கிடையாது, வருடத்துக்கு இரண்டே இதழ், முதல் பக்கத்தில் சிவப்பில் நான்கு வரி: எங்கள் பெயரையும் எண்ணையும் வைத்துக்கொண்டு வேறொரு தளம் கட்டுரைகள் வாங்குகிறது, அதற்கும் எங்களுக்கும் தொடர்பில்லை, நாங்கள் எழுதுபவரிடமும் வாசிப்பவரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. பேச்சி அதை வாசித்துவிட்டுப் போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தபோதும் சிவப்பு வரிகள் அங்கேயே இருந்தன. அப்படியென்றால் எது அசல். பளபளவென்று இருப்பது அசலாக இருக்கக்கூடாதா. இந்த மங்கல் பக்கம்தான் பொறாமையில் எவனோ போட்டதாக இருக்கக்கூடாதா. பட்டியலில் பார்த்துத்தானே அனுப்பினோம். துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிற பட்டியலில் பெயரையும் எண்ணையும் ஸ்கேல் வைத்துப் பார்த்து, பென்சிலால் டிக் போட்டு, அப்புறம்தானே அனுப்பினாள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அனுப்பியிருக்கமாட்டாள். அந்த டிக் இன்னும் அங்கே இருக்கிறது, நாற்காலியில் இருந்து பார்த்தாலே தெரிகிறது.

"என்னம்மா, இங்க உக்காந்து என்ன ரோசனை?" சகாயம் அண்ணன். அவளுக்கு மூன்று வருடம் சீனியர், போன வருடம்தான் பட்டம் வாங்கினார், இதே ஆய்விதழில் கட்டுரை போட்டுத்தான் வாங்கினார், அவர்தான் அவளுக்கும் வழி சொன்னார். நல்ல மனுஷன். அவள் ஆய்வேட்டின் பைண்டிங்குக்கு எந்தக் கடை, எந்த நிற அட்டை என்பது வரை சொல்லிக்கொடுத்தவர்.

"மேடம் கையெழுத்துக்குண்ணே. வைவால இருக்காவ."

"அவ்வளவுதான, போட்டுருவாவ. வெள்ளிக்கிழம சப்மிசனா? ஸ்வீட் எடுத்து வச்சிரு, சொல்லிட்டேன்."

"அண்ணே, உங்க பேப்பர் எத்தன நாள்ல வந்துச்சு?"

"எனக்கா? அஞ்சு நாளு. ஏன்?"

"ரெவ்யூவர் ஏதாவது கேட்டாங்களா? திருத்தச் சொன்னாங்களா?"

சகாயம் யோசித்தார். "ஒண்ணுமே கேக்கலியே. மொழி நன்றுன்னு போட்டிருந்தாவ" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. பேச்சிக்கு வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டாள். அவருக்குப் போன மாதம்தான் பெண் பார்த்து நிச்சயம் ஆகியிருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் முனைவர் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். "சும்மா கேட்டேண்ணே" என்றாள். அவர் போய்விட்டார்.

மொழி நன்று. அவருக்கும் மொழி நன்று. அவர் எழுதியது கழிமுக நண்டுகளைப் பற்றி. பல்கலைக்கழகத்தின் தளத்தில் முழுப் பட்டியல் இருக்கும், பலகையில் இருப்பது அலுவலகத்தில் எடுத்த அச்சுத்தானே, முழுசை இறக்கிப் பார்த்துவிடலாம் என்று தட்டினாள். வராந்தாவில் சிக்னல் ஒரு கோடு. வட்டம் சுற்றியது. உள்ளே கருத்தரங்கு அறையில் கைதட்டல் கேட்டது, வைவா முடிகிறதோ, இல்லை, முடிந்தால் நாற்காலி இழுக்கிற சத்தம் வரும், இது ஏதோ பாராட்டு. வட்டம் சுற்றியது. இறங்காமலே போய்விடட்டும் என்று ஒரு மனம். இறங்காவிட்டால் எனக்குத் தெரியாது, தெரியாதது தப்பில்லை, மேடம் போடுவார், நான் போடுவேன், கோவில்பட்டி, மாதம் பிறந்தால் சம்பளம், அம்மா கேட்கமாட்டாள் 'இன்னும் எம்புட்டு நாளாகும்' என்று. யாருக்கு என்ன நஷ்டம். எல்லோரும் போடுகிற இடத்தில் நானும் போட்டேன். பட்டியலில் இருந்தது, போட்டேன். கேட்டால் பட்டியலைக் காட்டுவேன். இறங்கிவிட்டது. எக்செல் கோப்பு, போனில் எறும்பு எறும்பாக. பெயரைத் தேடி, வரிசையைப் பிடித்து, விரலால் வலப்பக்கம் தள்ளினாள். வரிசை எண், பெயர், பதிப்பாளர், பதிவு எண். பலகையில் இதோடு முடிகிறது. இங்கே முடியவில்லை. இன்னொரு பத்தி இருந்தது, கடைசிப் பத்தி: வெப்சைட் முகவரி. ஏ-ஃபோர் தாளில் அந்தப் பத்தி அடங்கவில்லை, ஆகவே அலுவலகத்தில் அதை மறைத்துவிட்டு அச்செடுத்திருக்கிறார்கள். பத்தி அடங்காவிட்டால் இங்கே எப்போதும் அப்படித்தான் செய்வார்கள். அவளுடைய கேள்விகளுக்கான பதில் அந்த அடங்காத பத்தியில்தான் இருந்தது. மங்கல் பக்கத்தின் முகவரி. எழுத்துக்கு எழுத்து அதேதான்.

எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது. ஒரு பத்தி. இந்தத் துறையில் ஐந்து வருடமாக எல்லோரும் பெயரைப் பார்த்தோம், எண்ணைப் பார்த்தோம், டிக் போட்டோம், எண் யாருடையது என்று பார்த்தோமே ஒழிய வாசல் யாருடையது என்று பார்க்கவில்லை. சரி, இப்போது என்ன. கட்டுரை போட அந்தத் தளத்துக்குக் கட்டிய கட்டணம் போகட்டும், அது தொலைந்த கணக்கு. மேடத்திடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது. இங்கேதான் பேச்சியின் யோசனை முள்ளில் மாட்டிய துணியாக நின்றது, இழுத்தாலும் வரவில்லை, விட்டாலும் போகவில்லை. தளம் போலி என்று சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்பார். ஆசிரியரைத் தேடினேன் என்று சொல்ல வேண்டும். ஏன் தேடினாய் என்பார். அட்டவணை தப்பு என்று சொல்ல வேண்டும். இரண்டு மதிப்பீட்டாளர்களும் வாசிக்கவில்லை மேடம், வாசித்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டும். வாசித்தவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள் என்றால், மேடம்? கட்டுரையின் இரண்டாம் ஆசிரியர் டாக்டர் எஸ். கோமதி. அனுப்புவதற்கு முன் வாட்ஸ்அப்பில் வந்த குரல் இன்னும் போனில் இருக்கிறது: "பாத்துட்டேன் பேச்சி, நல்லா வந்திருக்கு, அனுப்பிரு." பார்த்தாராம். வாசிக்காதவர்கள் என்று யாரை நோக்கி விரலை நீட்டினாலும் அந்த விரல் சுற்றிக்கொண்டு மேடத்தின் முகத்துக்கு முன்னால்தான் போய் நின்றது. வெள்ளிக்கிழமை இல்லாவிட்டால் போகிறது, ஆனால் மேடத்தின் கோபத்தில் ஆறு மாதம், ஒரு வருடம், அது போகுமா. முன்பொரு பையன் மேடத்தின் புள்ளிவிவரத்தில் ஏதோ சொல்லப்போய் அவன் கைடு மாற்றிக்கொண்டு கடைசியில் ஆராய்ச்சியையே விட்டுவிட்டு இப்போது மருந்து விற்கிறான். அப்படியானால் அட்டவணையை மறைத்துத் தளத்தை மட்டும் சொல்லலாம். ஏன் தேடினாய் என்பார். மறுபடியும் அங்கேயே. அப்படியானால் ஒன்றும் சொல்லாமல்... கொட்டகையில் இறால் உரிக்கும் மரியபுஷ்பம் அக்காவின் கை ஞாபகம் வந்தது. அளவெடுக்கும்போது கேட்டாள், "இத எழுதுனா யாரு படிப்பா?" யார் வேண்டுமானாலும் படிக்கலாம்க்கா, காசு கிடையாது, போனிலேயே படிக்கலாம் என்றாள் பேச்சி. "எங்க கம்பெனி சூப்பர்வைசரும் படிக்கலாமா?" படிக்கலாம். "அப்ப எழுது" என்று மற்ற கையையும் நீட்டினாள். சூப்பர்வைசர் படித்தால் எதைப் படிப்பான். வாக்கியத்தையா படிப்பான், அட்டவணையைத்தான் பார்ப்பான், கையுறை போடாதவர்களுக்கே புண் என்று பார்ப்பான், நாள் முழுக்கக் கழற்றாதே என்பான். இதுவரை அவள் தன்னை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தாள். இது வேறு பயம், இதற்கு வெள்ளிக்கிழமை கிடையாது.

நாற்காலிகள் இழுபடும் சத்தம். கதவு திறந்து ஆட்கள் வந்தார்கள், மாலை போட்ட ஒரு பையன், அவன் வீட்டார், கடைசியில் கையில் பாதி சமோசாவோடு கோமதி மேடம். "என்ன பேச்சி, ரொம்ப நேரமா இருக்கியா? வா வா, அஞ்சு நிமிசந்தான் எனக்கு." பூட்டைத் திறந்தார், விசிறியைப் போட்டார், உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினார். "எங்க போடணும்?"

பேச்சி படிவத்தை எடுக்கவில்லை. கட்டுரையை எடுத்தாள், ஏழாம் பக்கத்தைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். "மேடம், இந்த மூணாவது டேபிள ஒரு நிமிசம் பாக்கீங்களா?"

மேடம் பார்த்தார். "ஏன், நல்லாத்தான இருக்கு."

"தலைப்பு மாறியிருக்கு மேடம். போட்டவங்க, போடாதவங்க."

பேனா முனை முதல் கட்டத்தின்மேல் நின்றது, வாக்கியத்துக்குப் போனது, திரும்பிக் கட்டத்துக்கு வந்தது. "எப்ப பாத்த?"

"அனுப்பி ரெண்டாம் நாள்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"ரெவ்யூவர் சொல்லுவாங்கன்னு இருந்துட்டேன் மேடம். அவங்க டேபிள் தெளிவா இருக்குன்னு எழுதிட்டாங்க." இதற்கு மேல் நிறுத்தினால் நின்றுவிடும் என்று தெரிந்து, போனை எடுத்து இரண்டையும் காட்டினாள், சிவப்பு வரிகளையும் அந்தக் கடைசிப் பத்தியையும். மேடம் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டத்தில் வைத்து வாசித்தார். ஒருமுறை வாசித்தார், பிறகு மறுபடியும் முதலிலிருந்து. இப்போது வெடிக்கப்போகிறார் என்று பேச்சி காத்திருந்தாள், நின்ற இடத்திலேயே கால்விரல்களை மடக்கிக்கொண்டு.

"இதுல என்னோடது நாலு இருக்கு" என்றார் மேடம். மெதுவாகத்தான் சொன்னார். "நாலும் நாலஞ்சு நாள்லதான் வந்துச்சு. நல்லா எழுதியிருக்கோம், அதான் சீக்கிரம் எடுத்துக்கிட்டாங்கன்னு நெனச்சேன். முத தடவ வந்தப்ப வீட்ல கேசரி கிண்டுனேன்."

இவ்வளவு நேரம் பேச்சி யாருக்குப் பயந்தாளோ அந்த ஆளைக் காணோம், வேறு யாரோ அந்த நாற்காலியில் இருந்தார்கள். பாவமாக இருந்தது, பாவம் பார்ப்பதே தப்போ என்றும் இருந்தது.

மேடம் சமோசாவைத் தாளில் சுற்றி ஒதுக்கினார். "வெள்ளிக்கிழம போச்சு. தெரியும்ல?"

"தெரியும் மேடம்." சொன்னபோதே கோவில்பட்டியும் போனது.

"நான் இத வாசிக்கல, பேச்சி. பாத்தேன். வாசிக்கல." மேடம் பேனாவை மூடவில்லை. "கதவச் சாத்து. உக்காரு. முதல்லேருந்து வாசி, நான் கேக்கேன்."

பேச்சி வாசித்தாள். தலைப்பு, நோக்கம், கொட்டகைகள். இரண்டாம் பக்கம் பாதியில் மேடத்தின் கை உயர்ந்தது.

"இரு. ஒரே கையுறையக் காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் போட்டிருந்தாங்கன்னு எழுதியிருக்க. நீ பாத்தியா, அவங்க சொன்னாங்களா?"

"பாத்தேன் மேடம்."

"எத்தன பேர?"

ஆறு கொட்டகையையும் மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கைகளை எண்ணினாள், புண்களை எண்ணினாள், இதை எண்ணவில்லை. நான்கு வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

"எண்ணல மேடம்."

"அப்ப போய் எண்ணிட்டு வா."